ராதர்ஹாம்: மறைத்தார்களா, ஊதிப் பெருக்கினார்களா?

கேள்வி: பிரிட்டனின் "க்ரூமிங் கும்பல்" விவகாரத்தில் (சிறுமிகளை நயமாகப் பேசி வசப்படுத்திச் சீரழித்த கும்பல்கள்; பேசப்பட்ட வழக்குகளில் பாகிஸ்தானிய வம்சாவளியினர் அதிகம்), இனவாதி என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து ஊடகங்கள் உண்மையை மறைத்தன என்கிறார் ஒரு நண்பர். ஒரு சிறுபான்மைச் சமூகத்தை இழிவுபடுத்தவே ஊடகங்கள் அதை ஊதிப் பெருக்கின என்கிறார் இன்னொருவர். இருவரில் யார் சொல்வது சரி?

உங்கள் நண்பர்கள் இருவருமே பொய் சொல்லவில்லை. முதலாமவர் 2011-க்கு முந்தைய காலத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டாமவர் பெரும்பாலும் 2014-க்குப் பிந்தைய காலத்தைப் பற்றிப் பேசுகிறார். இருவர் பேச்சிலும் அந்தச் சிறுமிகள் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. "ஊடகங்கள் பாகிஸ்தானியர்களை எப்படி நடத்தின" என்பதே இருவரின் கவலையும். அந்தக் கேள்வி முக்கியமானது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தச் சிறுமிகளுக்கு என்ன நடந்தது? அதைக் கடைசியாகக் கேட்டதால்தான் இவ்வளவு ஆண்டுகள் வீணாயின.

நான் வட இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் நீண்ட காலமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இந்த வழக்குகளில் தமிழர் யாரும் குற்றம்சாட்டப்படாததால் எதிலும் நான் பணியாற்றியதில்லை. என்றாலும் அதே கட்டடங்களில், அதே நடைமுறைகளுக்கு நடுவில் வாழ்ந்திருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் காவல்துறை ஒருவரின் தோற்றத்தைக் குறிக்க எண்களைப் பயன்படுத்துகிறது. அதில் 4 என்றால் தெற்காசியத் தோற்றம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் பாகிஸ்தான் நிர்வாகக் காஷ்மீரின் மிர்பூரில் பிறந்தவரும் அந்த எண்ணுக்குள் ஒன்றுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் இலங்கைத் தமிழர்கள் "வேறு ஆசியர்" என்ற கட்டத்தில் குறியிடுகிறோம். எனவே செய்தித்தாள் "ஆசியக் கும்பல்" என்று தலைப்பிட்டால், மறுநாள் பேருந்தில் என் மகன்மேல் விழும் பார்வையும் மாறும். இந்த விவாதத்தை நான் வெளியே நின்று பார்க்கவில்லை.

முதலில் நடந்தது என்ன? தெற்கு யார்க்ஷயரில் உள்ள ராதர்ஹாம், எஃகு ஆலைகளாலும் நிலக்கரிச் சுரங்கங்களாலும் வாழ்ந்து, அவை மூடப்பட்ட பிறகு நலிந்த ஊர். பேராசிரியர் அலெக்ஸிஸ் ஜே அங்கு விசாரணை நடத்தி 2014 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, 1997 முதல் 2013 வரை குறைந்தபட்சக் கணிப்பாகவே சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்றது. சிலருக்கு வயது 11. வழிமுறை ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒன்றுதான். பராமரிப்பு இல்லத்திலோ கலங்கிய குடும்பத்திலோ வளரும் ஒரு சிறுமியிடம் ஓர் இளைஞன் அன்பாகப் பேசுவான். கைபேசி வாங்கித் தருவான், காரில் ஏற்றிச் சுற்றுவான், வோட்கா ஊற்றிக் கொடுப்பான். தான் அவனுடைய காதலி என்று அவள் நம்பியபின் "என் நண்பனுக்காக" என்பான். பிறகு அந்த நண்பனின் நண்பர்கள் வருவார்கள். மறுத்தால் அடி. ஜே அறிக்கையில், பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிடுவதாக மிரட்டப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். துப்பாக்கி காட்டி மிரட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

அந்த அறிக்கையில் என்னால் மறக்க முடியாத இடம் வேறு. இரண்டு சம்பவங்களில், தங்கள் மகள்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்து மீட்கப் போன தந்தையரைக் காவல்துறை கைதுசெய்தது. வேறு சில இடங்களில் போலீசார் வந்தார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாகச் சிறுமியைப் பிடித்தார்கள். உடன் இருந்த ஆண்களை விட்டுவிட்டார்கள். இவற்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்போது முதல் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். 2000-களின் தொடக்கத்தில் மேற்கு யார்க்ஷயரின் கீத்லி தொகுதி எம்.பி.யாக இருந்த ஆன் கிரையரிடம் சில தாய்மார்கள் வந்து, பாகிஸ்தானிய வம்சாவளி ஆண்கள் சிலர் தங்கள் மகள்களைச் சீரழிப்பதாக முறையிட்டார்கள். அவர் வெளிப்படையாகப் பேசினார். கட்சிக்குள்ளேயே முகம் சுளித்தார்கள். 2004-இல் சேனல் 4 தொலைக்காட்சி பிராட்ஃபோர்டு பற்றித் தயாரித்த ஆவணப்படத்தில் இந்தச் சுரண்டலும் இடம்பெற்றது. உள்ளாட்சி, ஐரோப்பியத் தேர்தல்கள் நெருங்கிய நேரம். பி.என்.பி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சி அந்தப் படத்தைத் தன் தேர்தல் பிரசாரமாகவே கொண்டாடத் தொடங்கியது. ஊரில் கலவரம் வரலாம் என்று காவல்துறைத் தலைவர் எச்சரிக்கவே, ஒளிபரப்பு தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டில்தான் ஒளிபரப்பானது. அந்த முடிவை இன்று எளிதாகப் பழிக்கலாம். ஆனால் 2001-இல் ஓல்டமிலும் பர்ன்லியிலும் பிராட்ஃபோர்டிலும் இனக் கலவரங்கள் நடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்சம் கற்பனையானது இல்லை. ஆனால் அந்த அச்சத்துக்கான விலையைக் கொடுத்தது தொலைக்காட்சி நிறுவனமோ காவல்துறையோ இல்லை.

தி டைம்ஸ் நாளிதழின் ஆண்ட்ரூ நார்ஃபோக்தான் 2011 ஜனவரியில் இதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர். ஆன் கிரையர் பேசியபோதே தனக்கு இது தெரியும் என்றும், தீவிர வலதுசாரிகளுக்குத் தீனியாகிவிடும் என்று தயங்கி அதைத் தொடாமல் விட்டதாகவும் அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர். அவருடைய தயக்கம் முதல் நண்பரின் வாதத்துக்கு வலுவான சான்று. அதே சமயம், முழு மௌனம் இருந்தது என்பதும் உண்மையில்லை. பெண்ணுரிமை எழுத்தாளர் ஜூலி பிண்டெல் 2007-லேயே இதைப் பற்றித் தேசியப் பத்திரிகையில் எழுதினார். உள்ளூர் பத்திரிகைகள் ஒவ்வொரு தண்டனையையும் தனித்தனிச் செய்தியாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தன. அவற்றை யாரும் கோத்துப் பார்க்கவில்லை. நார்ஃபோக் கோத்தார். 1997 முதல் 17 வழக்குகள், 56 குற்றவாளிகள், அவர்களில் மூவர் மட்டுமே வெள்ளையர், மற்ற 53 பேர் ஆசியர், அவர்களில் 50 பேர் முஸ்லிம்கள், பெரும்பான்மை பாகிஸ்தானிய வம்சாவளியினர் என்று அவர் எழுதினார்.

அந்த எண்ணிக்கையைச் சுற்றித்தான் விவாதம் வெடித்தது. தெருவிலும் கடைத்தெருவிலும் சிறுமிகளை வசப்படுத்தும் கும்பல்கள் என்ற ஒரு வகையை முதலில் வரையறுத்து, அந்த வரையறைக்குள் வந்த வழக்குகளை மட்டும் எண்ணினால், வரையறையே விடையைத் தீர்மானித்துவிடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். எல்லா காக்பெய்ன், ஹெலன் பிரேலி என்ற இரு லண்டன் ஆய்வாளர்கள், தங்களுடைய சிறிய மாதிரியை ஒரு குற்ற வகை முழுவதற்கும் விரித்துப் பேசுவது தவறு என்று உடனே எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரி. நார்ஃபோக் கண்டதும் இருந்தது. இரண்டு வாக்கியங்களையும் ஒரே தாளில் எழுத அன்றைய ஆசிரியர் பீடங்களுக்கு மனமில்லை.

இனவாதி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணமா? இதற்கு ஜே அறிக்கையை இரு தரப்பும் மேற்கோள் காட்டும், பாதிப் பாதியாக. குற்றவாளிகளின் இனத்தைச் சொல்ல ஊழியர்கள் பலர் தயங்கினார்கள், சொல்லாதே என்று மேலதிகாரிகள் தெளிவாக அறிவுறுத்தியதைச் சிலர் நினைவுகூர்ந்தார்கள் என்று அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கை, தனிப்பட்ட குழந்தைகள் குறித்த முடிவுகளில் இனம் சார்ந்த தயக்கம் செல்வாக்குச் செலுத்தவில்லை என்று தாங்கள் உறுதியாகக் கருதுவதாகவும் சொல்கிறது. முதல் நண்பர் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுவார். இரண்டாம் நண்பர் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்வார். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வரும் மூன்றாவது செய்தி ஒன்று உண்டு: காவல்துறை இந்தச் சிறுமிகளை இழிவாகப் பார்த்தது.

மான்செஸ்டர் அருகில் உள்ள ரோச்டேலை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் ஒரு 15 வயதுச் சிறுமி காவல்நிலையத்தில் தனக்கு நடந்ததை மணிக்கணக்காகச் சொன்னாள். உடல்சான்று இருந்தது. 2009-இல் அரசு வழக்குத் துறை வழக்கைக் கைவிட்டது. காரணமாகச் சொல்லப்பட்டது, அவள் நம்பத்தகுந்த சாட்சியாக ஜூரியின் முன் நிற்க மாட்டாள் என்பது. குடிப்பவள், படிப்பை விட்டவள், சட்டை கசங்கியவள். இந்த இடத்தில் இனம் எங்கே வருகிறது? 2011-இல் அந்த முடிவைப் புரட்டிப் போட்டு வழக்கை மீண்டும் எடுத்தவர், வடமேற்கு இங்கிலாந்தின் தலைமை அரசு வழக்குரைஞராக வந்த நசீர் அஃப்சல். பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த முஸ்லிம். 2012 மே மாதம் லிவர்பூல் நீதிமன்றத்தில் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள். இந்த விவரம் இரண்டு கதைகளிலும் எளிதில் பொருந்தாததாலோ என்னவோ, பலருக்குத் தெரிவதில்லை.

கோப்புகளில் இருந்த சொற்களையும் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தைகள் "தாங்களே தேர்ந்தெடுத்த வாழ்க்கை" வாழ்வதாக அதிகாரிகள் எழுதினார்கள். "குழந்தை விபசாரி" என்ற சொல் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. 2015-இல் இயற்றப்பட்ட சட்டம்தான் அதை நீக்கி, "குழந்தையின் பாலியல் சுரண்டல்" என்று மாற்றியது. ஒரு நாட்டின் சட்டமே குழந்தையை விபசாரி என்று அழைத்த காலத்தில், ஒரு நிருபர் அவளைப் பாதிக்கப்பட்டவளாக எழுதத் தனித் துணிச்சல் வேண்டியிருந்தது. இனம் பற்றிய பயம் வருவதற்கு முன்பே ஏழை வெள்ளைக்காரச் சிறுமிகள்மீது வர்க்க இளக்காரம் இருந்தது. அது பழையது, ஆழமானது.

மௌனம் பற்றிப் பேசும்போது, நீதிமன்றத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்றை விளக்க வேண்டும். ஒரே கும்பலை மூன்று நான்கு பிரிவாகப் பிரித்து அடுத்தடுத்து விசாரிப்பது வழக்கம். முதல் விசாரணையின் செய்தியைப் படித்த ஒருவர் இரண்டாவது விசாரணையில் ஜூரியாக உட்கார்ந்தால், அந்தத் தீர்ப்பே கவிழலாம். அதனால் 1981-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, எல்லாம் முடியும்வரை செய்தியைத் தள்ளிவைக்க நீதிபதி உத்தரவிடுவார். மேற்கு யார்க்ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் நடந்த இத்தகைய கும்பல் குற்ற வழக்கில் அப்படித்தான் உத்தரவிடப்பட்டிருந்தது. 2018 மே மாதம் டாமி ராபின்சன் என்ற பெயரில் அறியப்படும் வலதுசாரிச் செயற்பாட்டாளர் லீட்ஸ் நீதிமன்ற வாசலில் நின்று குற்றம்சாட்டப்பட்டவர்களை நேரலையில் ஒளிபரப்பினார். "ஊடகங்கள் மறைப்பதை நான் காட்டுகிறேன்" என்ற தோரணை. எதிர்த்தரப்பு வழக்குரைஞர்கள் ஜூரியைக் கலைத்துவிடக் கோரினார்கள். அவர்கள் வென்றிருந்தால், அந்தச் சிறுமிகள் மறுபடியும் கூண்டில் ஏறி, மறுபடியும் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளையாக வழக்கு தப்பியது. 20 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 2019-இல் அவருக்கும் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. குறுக்கு விசாரணை ஒரு மனிதரை என்ன செய்யும் என்று அருகில் நின்று பார்த்தவன் நான். ஒருவர் பேசப் பேச அந்தச் சொற்களை என் வாயால் திருப்பிச் சொல்வதே இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாம் முறை சொல்ல வைப்பதை "உண்மையை வெளிக்கொணர்தல்" என்று அழைப்பவர்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி 2014-க்குப் பிறகு. ஜே அறிக்கை வந்ததும் கதவு திறந்தது. திறக்க வேண்டிய கதவுதான். ஆனால் உள்ளே வந்தவர்களில் பலர் சிறுமிகளுக்காக வரவில்லை. ராதர்ஹாம் தெருக்களில் தீவிர வலதுசாரி ஊர்வலங்கள் அடுத்தடுத்து நடந்தன. 2015 ஆகஸ்டில், அதே ஊரில், அதிகாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்து போன 81 வயது முதியவரை, சிறுமிகளைக் கெடுப்பவன் என்று சொல்லித் தாக்கினார்கள். அவர் இறந்துபோனார். அவருக்கும் அந்தக் குற்றங்களுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. 2017 ஜூனில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் தொழுகை முடித்து வந்தவர்கள்மேல் வேனை ஏற்றி ஒருவரைக் கொன்றவன், ரோச்டேல் வழக்கைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரைப் பார்த்த பிறகு வெறுப்பில் ஊறிப்போனதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்தத் தொடர் சிறுமிகளின் பக்கம் நின்று மிகுந்த பொறுப்போடு எடுக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பொறுப்போடு சொன்னாலும் தீயவன் கையில் அது கத்தியாகலாம். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? முடியாது. 2004-இல் அப்படி இருந்துதான் பார்த்தோமே.

பிழை நடந்தது வேறோர் இடத்தில். 2017-இல் ராதர்ஹாம் எம்.பி. சாரா சாம்பியன் தி சன் நாளிதழில் எழுதிய கட்டுரை, பிரிட்டிஷ் பாகிஸ்தானிய ஆண்கள் வெள்ளைக்காரச் சிறுமிகளைக் கெடுக்கிறார்கள் என்று எந்த வரம்பும் இல்லாமல் தொடங்கியது. "சில ஆண்கள்" என்று எழுதியிருந்தால் அது உண்மை. இல்லாதபோது பதினைந்து இலட்சம் பேருக்கு மேல் உள்ள ஒரு சமூகத்தின்மீது சுமத்தப்பட்ட பழி. அவர் எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவையிலிருந்து விலகினார். அதே ஆண்டு குவில்லியம் என்ற அமைப்பு, இத்தகைய கும்பல் குற்றவாளிகளில் 84% ஆசியர் என்று அறிக்கை வெளியிட்டது. எந்த வழக்குகளைச் சேர்த்தார்கள், எவற்றை விட்டார்கள் என்பதற்கு உருப்படியான விளக்கம் இல்லை என்று ஆய்வாளர்கள் கிழித்தெறிந்தார்கள். ஆனாலும் அந்த 84 இன்றுவரை உலவுகிறது. 2023-இல் அன்றைய உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன், இந்தக் கும்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பிரிட்டிஷ் பாகிஸ்தானியர்தாம் என்று தி மெயில் ஆன் சண்டேயில் எழுதினார். பத்திரிகைத் தர அமைப்பான இப்சோ அதை வாசகரைத் தவறாக வழிநடத்துவது என்று தீர்ப்பளித்தது. அவர் சொன்னது ராதர்ஹாம், ரோச்டேல், டெல்ஃபோர்டு ஆகிய குறிப்பிட்ட ஊர்களைப் பற்றித்தான் என்று உள்துறை விளக்கம் தந்தது. அப்படியானால் அந்த மூன்று பெயர்களைக் கட்டுரையிலேயே எழுதியிருக்கலாமே.

இங்கே ஒரு நடைமுறை விவரம் முக்கியம். இப்சோவின் நெறிமுறையில் பாகுபாடு பற்றிய 12-ஆம் விதி இருக்கிறது. ஒருவரின் இனமோ மதமோ செய்திக்கு உண்மையாகவே தொடர்புடையதாக இருந்தால் ஒழிய அதைக் குறிப்பிடக் கூடாது என்கிறது. ஆனால் அது தனிமனிதருக்கு மட்டும் பொருந்தும். ஒரு சமூகம் முழுவதையும் பழித்தால் அந்த விதியின் கீழ் புகார் செல்லாது. "துல்லியம்" பற்றிய முதல் விதியின் கீழ்தான் போக வேண்டும். பிரேவர்மன் கட்டுரை சிக்கியதும் அதில்தான். அதாவது, ஒரு கூட்டத்தையே அவமதிப்பது பிழை இல்லை. எண்ணிக்கையைத் தவறாகச் சொல்வதுதான் பிழை. எண்ணிக்கையே பதிவாகாத நாட்டில் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று பாருங்கள்.

ஆம், எண்ணிக்கை பதிவாகவில்லை. 2020 டிசம்பரில் உள்துறை வெளியிட்ட அறிக்கை, கும்பலாகச் செய்யப்படும் இக்குற்றத்தில் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதையே ஆய்வுகள் காட்டுவதாகச் சொல்லி, கூடவே தரவுகள் மோசம் என்றும் ஒப்புக்கொண்டது. இரண்டாம் நண்பர் முதல் பாதியை மட்டும் பகிர்ந்திருப்பார். 2025 ஜூனில் லூயிஸ் கேசி அரசுக்காக நடத்திய தணிக்கை வந்தது. குற்றவாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினரின் இனம் பதிவே செய்யப்படவில்லை என்று அவர் கண்டார். தேசிய அளவில் எந்த முடிவுக்கும் வர அந்தத் தரவு போதாது. ஆனால் மான்செஸ்டர் பெருநகரம், மேற்கு யார்க்ஷயர், தெற்கு யார்க்ஷயர் ஆகிய மூன்று காவல்பகுதிகளின் உள்ளூர்ப் பதிவுகளில், சந்தேக நபர்களில் ஆசிய வம்சாவளி ஆண்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருப்பது தெரிந்தது. ஒரு குழந்தையின் பழைய கோப்பில் "பாகிஸ்தானி" என்ற சொல் வெள்ளை மை பூசி அழிக்கப்பட்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக கேசி சொன்னார்.

அந்த வெள்ளை மையைப் பூசியவர் ஒருவேளை நல்லெண்ணத்தில் செய்திருக்கலாம். ஆனால் விளைவு என்ன? பாகிஸ்தானியச் சமூகத்துக்கு அது எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. பதிவு இருந்திருந்தால், "இந்த மூன்று பகுதிகளில் இவ்வளவு, மற்ற இடங்களில் இவ்வளவு" என்று எல்லை போட்டுப் பேசியிருக்கலாம். பதிவு இல்லாததால் யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. 84-ஐ உருவாக்கியதில் அந்த மைப்புட்டிக்கும் பங்கு உண்டு.

"குழந்தைகளைச் சீரழித்த பிபிசி தொலைக்காட்சிப் பிரபலம் ஜிம்மி சாவிலைப் பற்றி எழுதும்போது வெள்ளையர் என்று எழுதினார்களா? சிறுவர்களைச் சீரழித்த பாதிரியார்களை, கால்பந்துப் பயிற்சியாளர்களை எழுதும்போது?" என்று இரண்டாம் நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி, நானும் பல முறை கேட்டிருக்கிறேன். சாவிலைப் பற்றிய விசாரணையைப் பிபிசியே 2011-இல் கைவிட்டது. ஒரு நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளக் குழந்தைகளைப் பலியிடுவதற்கு இனம் ஒரு முன்நிபந்தனையே இல்லை. ஆனால் சாவில் செய்திகளில் அவன் எதைக் கொண்டு குழந்தைகளை நெருங்கினான் என்பது சொல்லப்பட்டது: புகழ், தொலைக்காட்சி, மருத்துவமனை நன்கொடை. அதே அளவுகோலை இங்கும் வைக்க வேண்டும். இந்தக் கும்பல்கள் எதைக் கொண்டு நெருங்கின? இரவு டாக்சி, டேக்அவே உணவுக் கடை, அண்ணன் தம்பி சித்தப்பா மகன் என்று விரியும் உறவு வலை, எதிர்த்துக் கேட்காத ஊர்ப் பெரியவர்கள். ஆலைகள் மூடியபின் அந்த ஊர்களில் இரவு வேலைகளில் பாகிஸ்தானிய வம்சாவளி ஆண்கள் அதிகம் என்பதை அஃப்சலே ஒரு காரணமாகச் சொன்னார். அது முழு விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை. டாக்சி ஓட்டுபவர் எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. செய்தவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களை ஒரு மாதிரியும் "மற்ற" பெண்களை வேறு மாதிரியும் பார்த்தார்கள் என்பதைப் பேசாமல் நழுவுவது சரியில்லை. அந்த இரட்டைப் பார்வை நம் வீடுகளிலும் இல்லாததா? இனம் குற்றத்தின் இயக்கத்தோடு தொடர்புடைய இடத்தில் அதை எழுத வேண்டும். தொடர்பு இன்னதென்று விளக்கியும் எழுத வேண்டும். தலைப்பில் ஒரு சொல்லாக வீசிவிட்டுப் போகக் கூடாது.

"ஆசியர்" என்று பொதுவாக எழுதுவதை எதிர்த்துச் சீக்கிய, இந்து அமைப்புகள் குரல் எழுப்பின. "பாகிஸ்தானியர் என்று சொல்லுங்கள், எங்களைச் சேர்க்காதீர்கள்" என்பது அவர்கள் வாதம். துல்லியம் என்ற வகையில் அது சரி. ஆனால் எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டமொன்றில் இதே பேச்சு எழுந்தபோது, பேசியவர்களின் நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. பழி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது என்ற நிம்மதி அது.

கொலோனையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள். 2015 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது, அந்த ஜெர்மன் நகரின் ரயில் நிலையத்தருகே நூற்றுக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த ஆண்களால், தாக்கப்பட்டார்கள். மறுநாள் காலை காவல்துறை, கொண்டாட்டம் பெரும்பாலும் அமைதியாக நடந்தது என்று அறிக்கை விட்டது. இசட்.டி.எஃப். தொலைக்காட்சி செய்தியைத் தாமதித்ததற்கு மன்னிப்புக் கேட்டது. சில நாட்களில் ஃபோக்கஸ் இதழ், வெள்ளைப் பெண்ணுடல்மேல் கறுப்புக் கைத்தடங்கள் பதிந்த அட்டைப்படம் போட்டது. மறைப்பதிலிருந்து வெறிக்கு ஒரே வாரம். 2017-இல் ஜெர்மன் பத்திரிகை மன்றம், நியாயமான பொதுநலன் இருந்தால் இனத்தைக் குறிப்பிடலாம் என்று விதியைத் திருத்தியது. பிரிட்டனுக்கு அதே பயணத்தில் பல ஆண்டுகள் பிடித்தன, அவ்வளவே வேறுபாடு.

நான் அதிகம் கவலைப்படும் ஒரு கூட்டம் இந்தச் சண்டையில் இரு தரப்புக்கும் பயன்படவில்லை. 2013-இல் பிரிட்டனின் முஸ்லிம் பெண்கள் வலையமைப்பு, 35 சிறுமிகள், இளம்பெண்களின் அனுபவங்களைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் பெரும்பாலும் ஆசியப் பெண்கள். அவர்களில் முஸ்லிம்கள் அதிகம். அதே மாதிரிக் கும்பல்கள், அதே வழிமுறை. கூடுதலாக ஓர் ஆயுதம்: "உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன், குடும்ப மானம் போய்விடும்." இந்த மிரட்டலின் கனம் தமிழர்களுக்குப் புரியும். இவர்கள் புகார் கொடுக்கப் போனால் வீட்டில் அடி, ஊரில் ஒதுக்கம், அவசரத் திருமணம். ஜே அறிக்கையும் இவர்களைப் பற்றிப் பேசியது. செய்தித்தாள்களில் இவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. "வெள்ளைச் சிறுமிகள், பாகிஸ்தானிய ஆண்கள்" என்று எழுதுவோருக்கு இவர்கள் கதையைக் குழப்புகிறார்கள். "இதெல்லாம் சமூகத்தின்மீதான அவதூறு" என்போருக்கு இவர்கள் சங்கடம். இரண்டு பக்கமும் சேர்ந்து இவர்களை அமுக்கிவிட்டன.

2025 ஜனவரியில் ஈலான் மஸ்க் இந்த விவகாரத்தைக் கையில் எடுத்தபோது உலகமே ராதர்ஹாம் பற்றிப் பேசியது. நான்கைந்து மாதம் முன்புதான், 2024 ஆகஸ்டில், அதே ராதர்ஹாம் எல்லைக்குள் உள்ள மேன்வர்ஸ் என்ற இடத்தில், 200-க்கும் மேற்பட்டோர் உள்ளே இருக்கையிலேயே, அகதிகள் தங்கிய ஓட்டலுக்குத் தீவைத்தார்கள். ஜூனில் கேசி தணிக்கை வந்ததும் அரசு தேசிய விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. அன்று எல்லா முதல் பக்கங்களிலும் இனம் பற்றிய அத்தியாயம்தான். அதே அறிக்கையில், ஒரு நகரசபையில் உரிமம் வாங்கி வேறு நகரில் டாக்சி ஓட்டும் ஓட்டையை அடைக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை இருந்தது. சிறுமிகளை ஊர் ஊராக ஏற்றிச் சென்ற வண்டிகள் பற்றிய பரிந்துரை. அதைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பரிந்துரையும் இருந்தது. "குழந்தை விபசாரி" என்ற சொல் சட்டத்தில் இருந்த காலத்தில், சுரண்டப்பட்ட சிறுமிகளில் சிலர்மீதே தெருவில் விபசாரத்துக்கு அழைத்த குற்றம் சுமத்தித் தண்டித்திருக்கிறார்கள். அந்தத் தண்டனைகளை நீக்க வேண்டும் என்றார் கேசி. அரசும் ஏற்றது. அந்தச் சிறுமிகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. பிள்ளைகளின் பள்ளியில் உதவியாளராகவோ, முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகவோ வேலைக்கு விண்ணப்பித்த சிலருக்கு, பின்னணிச் சோதனைத் தாளில் அந்தப் பழைய குற்றம் வந்து நின்றது. என்ன நடந்தது என்று முன்பின் தெரியாத ஒருவரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அவர்கள் மறுபடியும் விளக்க வேண்டியிருந்தது.